இருபத்தைந்து கிலோப் பிள்ளைகள்

உக்குவளை,
20.11.2006

அன்புள்ள ஸ்ரீ அண்ணன்,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிச்சுப் போடாம, கடைசி வரைக்கும் வாசிங்க. நான் மாத்தளை கிளினிக் ஜுனைதா. நீங்க கோண்டாவிலுக்குப் போய் ரெண்டரை வருஷமாகுது. போன் எடுத்துப் பார்த்தேன், ஒரு நாளும் கிடைக்கல்ல. சண்டையால வடக்குப் பாதை பூட்டின பிறகு தபால் கப்பல்லதான் போகுதாம். எப்ப கிடைக்குமோ தெரியாது, அதனால நேரா விஷயத்துக்கு வாறேன்.

நம்ம தலசீமியாப் பிள்ளைகளுக்கு நீங்க எழுதின மருந்துப் புரோகிராம்தான் இன்னும் ஓடுது. ஆனா பழைய மெஷின் இல்ல. ஒக்டோபர்ல இடி விழுந்து அது எரிஞ்சு போச்சு. ஒரு நிறுவனம் ரெண்டு மெஷின் தந்தாங்க. ரெண்டும் லினக்ஸ். உங்கட புரோகிராம் விண்டோஸுக்கு எழுதினது. மூலக்கோட் என்கிட்ட இருந்தா லினக்ஸுக்கு மாத்தி எழுதியிருப்பேன். அது இல்லாததால விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ்ல ஓட வைக்கிற ஒரு இடை அடுக்கைப் போட்டு ஓட்டுறேன். உங்கட புரோகிராம் விண்டோஸ்கிட்ட என்ன கேட்டாலும், அதுக்கு லினக்ஸ்ல இருந்து பதில் எடுத்துக் குடுக்கிறது இந்த அடுக்குதான். கண்டியில ஒரு கோர்ஸ் படிச்சுத்தான் செஞ்சேன்.

எல்லாம் சரியாத்தான் ஓடுது. ஆனா இடைக்கிட மருந்து லேபல்ல அரைக் குப்பி குறைஞ்சு வருது. ஒன்றரை வர வேண்டிய இடத்துல ஒன்று. மெஷினை நிப்பாட்டிப் போட்டா அதே பிள்ளைக்கு ஒன்றரைன்னு சரியாக் காட்டுது. ஒரு மாசத்துல மூணு தரம் நடந்திருக்கு.

இப்ப நான் முழுக் கோட்டையும் கேட்கல்ல. குப்பிக் கணக்குப் போடுற அந்த ஒரு வரியை மட்டும் எழுதி அனுப்புங்க.

நீங்க மாற்றலாகிப் போற நேரம், நம்ம கிளினிக் டொக்டர் மாணிக்கவாசகத்துக்கு முன்னால வச்சு உங்ககிட்ட கோட் கேட்டது பிழைதான். தனியக் கேட்டிருக்கணும். ஆனா கேட்டது பிழையில்ல.

இப்படிக்கு,
ஜுனைதா


கோண்டாவில்,
18.12.2006

திருமதி ஜுனைதா ஸஹாப்தீன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் 14ஆம் திகதி கிடைத்தது.

1997இலிருந்து 2004இல் நான் மாற்றலாகி வரும்வரை, கச்சேரியில் அரசாங்க வேலை முடிந்து வந்து, சம்பளமில்லாமல் அந்தப் புரோகிராமை எழுதினேன், திருத்தினேன், பராமரித்தேன். அந்த ஏழு வருடத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு அரைக் குப்பி பிழையாகப் போனதில்லை. நான் போன பிறகும் இந்த ஒக்டோபர் வரை பிழைக்கவில்லை என்று தாங்களே மறைமுகமாக ஒப்புக்கொள்கிறீர்கள்.

புரோகிராம் மாறவில்லை. மாறியது தாங்கள் அதற்குக் கீழே வைத்த அடுக்கு. ஆகவே பிழையை அங்கே தேடுங்கள். என் வரியைப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

'புரோகிராமுக்குள்ள இருக்கிற பிள்ளைகள்ட பேர்களுக்கு நீங்க சொந்தக்காரன் இல்ல' என்று அன்று எல்லார் முன்னிலையிலும் சொன்னீர்கள். உண்மை. நான் எழுதிய கோட்டுக்குச் சொந்தக்காரன் நான்தானே?

இங்கே மின்சாரம் நாளுக்கு இரண்டு மணித்தியாலம். என் கணினியைத் திறந்து ஐந்து மாதம்.

சி. ஸ்ரீஸ்கந்தராஜா


உக்குவளை,
09.01.2007

ஸ்ரீ அண்ணன்,

உங்கட கடிதத்தை வாசிச்சு எனக்கு வந்த கோவத்துல அன்றைக்கே எழுதியிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பேன். மூணு நாள் விட்டுத்தான் எழுதுறேன்.

போன கடிதத்துல ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டேன். உங்க மேல பாரத்தைப் போடக் கூடாதுன்னு நினைச்சேன். இப்ப சொல்லாம ஏலாது.

நம்ம நேர்ஸ் தங்கேஸ்வரி மிஸ்ஸை வேலையில இருந்து நிப்பாட்டி வச்சிருக்காங்க.

முத்தலிப் நானாட மகன் நுஹ்மானை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்க போகக்குள்ள அஞ்சு வயசு. இப்ப அவனுக்கு எட்டு வயசு. ரத்தம் ஏத்தி ஏத்தி உடம்புல சேர்ற இரும்பை இந்த மருந்துதான் வெளியேத்துது. நவம்பர் டெஸ்ட்ல அவனுக்கு இரும்பு கூடியிருக்குன்னு வந்தது. விசாரிச்சா வீட்டுல ஒரு குப்பிதான் போட்டிருக்காங்க. மிஸ் சொன்னா, "லேபல்ல ஒன்றுதான் இருந்தது, நான் லேபல்ல இருந்ததைத்தான் குடுத்தேன்" என்று. எல்லாரும் போய் மெஷினைப் பார்த்தாங்க. மெஷின் ஒன்றரை என்று காட்டுது. லேபல் குப்பையில போயிட்டுது. அப்ப மெஷின் பொய் சொல்லுமா, மனிசி பொய் சொல்லுவாவா?

இப்ப இருக்கிற காலத்தை நீங்க அறிவீங்க. மிஸ் வடக்கால வந்தவ. யாரோ ஒருத்தர் மெல்லமா ஒரு சொல்லைச் சொன்னாங்க: "வேணும்னு குறைச்சிருப்பா." அதுக்குப் பிறகு அந்தச் சொல்லு கிளினிக்கை விட்டு வெளியே போயிட்டுது. அவட வீட்டுக்கு ரெண்டு தரம் பொலிஸ் வந்து பேரை எழுதிட்டுப் போயிருக்கு. மார்ச் 14 நிர்வாக சபை விசாரணை. அதுல பிழைன்னு முடிவாகினா வேலை போறது சின்ன விஷயம்.

மெஷின்தான் பிழைன்னு நான் சொன்னேன். "அப்படின்னா செஞ்சு காட்டுங்க" என்றாங்க. நானூறு தரம் போட்டுப் பார்த்தேன். நானூறும் ஒன்றரை.

ஆனா ஒண்ணு கிடைச்சிருக்கு. பல்லேபொலயில மஸீஹான்னு ஒரு உம்மா. அவங்கட மகளுக்கும் பிழைச்சிருக்கு. பழைய குப்பியை லேபலோட அலுமாரியில வச்சிருந்தாங்க. நான் த்ரீவீல்ல போய் வாங்கிட்டு வந்தேன். 'ஒன்று' என்று நம்ம மெஷின் அச்சடிச்சதுதான். ஆனா ஒரு லேபலை வச்சு சபை நம்பாது. மிஸ் பிழையா டைப் பண்ணியிருப்பா என்பாங்க.

லேபல் பிழைச்ச மூணு பேர்ட கார்ட்டையும் பார்த்தேன். நுஹ்மான் 25 கிலோ. மஸீஹாட மகள் 25 கிலோ. மூணாவது பெரிய பொடியன், 50 கிலோ. அவனுக்கு மூணு வர வேண்டியது ரெண்டரை வந்திருக்கு. அறுபத்தொரு பிள்ளைகள் இருக்கக்குள்ள இந்த மூணு பேருக்கு மட்டும் ஏன்? இருபத்தாறுக்கு வரல்ல, இருபத்திநாலரைக்கு வரல்ல. எனக்கு விளங்கல்ல. உங்களுக்கு விளங்கும்னு நினைக்கிறேன்.

கோட்டுக்கு நீங்கதான் சொந்தக்காரன். வச்சுக்கோங்க. எனக்கு ஒரு வரி போதும்.

ஜுனைதா


கோண்டாவில்,
30.01.2007

அன்புள்ள ஜுனைதா,

உம்முடைய கடிதம் நான்கு நாளைக்கு முன் வந்தது. தங்கேஸ்வரி மிஸ்ஸை நான் அறிவேன். பிள்ளையின் கையில் நரம்பு கிடைக்காவிட்டால் தன் கண் கலங்கிவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு தேடுகிற மனுஷி. நான் முதல் கடிதத்துக்கு எழுதிய பதிலை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதைக் கிழித்துவிடும்.

வரி இதுதான். எடையை 0.03 ஆல் பெருக்கி, 0.25 ஆல் வகுத்து, வரும் விடையின் தசமப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு முழு எண்ணை மட்டும் எடுக்கிறது. ஒரு கிலோவுக்கு 0.03 கிராம் மருந்து. அரைக் குப்பி 0.25 கிராம். ஆக, எத்தனை அரைக் குப்பி என்பது விடை. "அளவு ஒரு நாளும் கூடக் கூடாது, குறைந்தால் பரவாயில்லை" என்று டொக்டர் சொன்னதால்தான் வெட்டினேன்.

25 கிலோவுக்கு விடை சரியாக 3. அதாவது ஒன்றரைக் குப்பி. 50 கிலோவுக்குச் சரியாக 6. அரைக் கிலோவுக்கு அரைக் கிலோ எடை எடுக்கிற எங்கட தராசில் பிள்ளைகளின் எடைக்குள் விடை மிச்சமில்லாமல் முழு எண்ணாக வருவது இந்த இரண்டுக்கும் மட்டும்தான். நீர் 25, 50 என்று எழுதிய இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 3 என்பது 2.999 ஆகிவிட்டால், வெட்டினதும் 2. ஒரு குப்பி!

ஆனால் ஏன் 2.999 ஆகும்? கரண்ட் இல்லை. கணினி இல்லை. பழைய கொப்பி ஒன்றை எடுத்து, 0.03ஐக் கணினி எழுதுவதுபோல ஒன்றும் பூச்சியமுமாக எழுதத் தொடங்கினேன். மூன்று நாள் போயிற்று. இரண்டாம் நாள் ஓரிடத்தில் பிழைவிட்டு முழுதையும் மறுபடி செய்தேன். மனைவி அருந்ததி வந்து பார்த்து, "உங்களுக்கு என்ன நடந்தது? ஒரு பக்கம் முழுக்க ஒண்டும் பூச்சியமுமா எழுதி வைச்சிருக்கிறியள்" என்றாள்.

முடிவு இதுதான். கணினிக்குள் 0.03 உண்மையான 0.03 அல்ல. மயிரிழை குறைவு. அதை 25 ஆல் பெருக்கினால் 0.75க்கு மயிரிழை குறைவாக வருகிறது. இப்போது கவனியும். கணினியின் கணக்குச் சில்லு விடையை எத்தனை இலக்கம் வரை வைத்திருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அமைப்பு உண்டு. விண்டோஸ் அதை 53 இலக்கத்தில் வைக்கும். 53இல் நிறுத்தினால் அந்த மயிரிழை மறைந்து 0.75 என்று முழுமையாகிவிடுகிறது. விடை 3. லினக்ஸ் 64 இலக்கத்தில் வைக்கும். அப்போது மயிரிழை மறைவதில்லை. விடை 2.9999… வெட்டினால் 2.

உம்முடைய இடை அடுக்கு தொடக்கத்தில் 53 என்று சரியாகத்தான் வைக்கிறது. இல்லாவிட்டால் எப்போதும் பிழைக்கும். இடையில் ஏதோ ஒன்று நடந்து அது 64க்குப் போகிறது. மெஷினை நிறுத்திப் போட்டதும் மறுபடி 53. அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல இயலாது. அதைக் கண்டுபிடிக்க வேண்டியது நீர். பிழைத்த நாட்களில் மெஷினுக்கு என்ன நடந்தது என்று பார்த்தவர்களிடம் கேளும்.

இது என் பிழையும்தான். வெட்டுவதற்கு முன் ஒரு துளி கூட்டியிருக்க வேண்டும். எந்தப் புத்தகத்திலும் அது எழுதியிருக்கிறது. நான் செய்யவில்லை.

அன்புடன்,
ஸ்ரீ


உக்குவளை,
21.02.2007

அன்புள்ள ஸ்ரீ அண்ணன்,

கிடைச்சிட்டுது! புடிச்சிட்டேன்!

உங்கட கடிதம் 17ஆம் திகதி வந்தது. வாசிச்ச கையோட பஸ் ஏறி பல்லேபொலக்குப் போனேன். மஸீஹாட்ட கேட்டேன், "அன்றைக்கு மருந்து எடுக்க வரக்குள்ள என்ன நடந்தது, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று.

"ஒண்ணும் நடக்கல்லயே மகள். காத்துட்டு இருந்தோம்."

"ஏன் காத்துட்டு இருந்தீங்க?"

"லேபல் அடிக்கிற மெஷின்ல கடதாசி முடிஞ்சிட்டுது. மிஸ் உள்ளுக்குப் போய்ப் புது ரோல் எடுத்துட்டு வந்தா. எனக்கு முன்னால நின்ற பிள்ளைக்கு அடிக்கக்குள்ள முடிஞ்சது. அதுக்குப் பிறகுதான் எனக்கு அடிச்சது."

நான் எழும்பிட்டேன். தேத்தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தவங்க, "இருந்து குடிச்சிட்டுப் போங்க" என்றாங்க. குடிக்கல்ல. பிறகு வந்து குடிக்கிறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

கிளினிக்ல நான் நானூறு தரம் போட்டதும் புது ரோலோட. கடதாசி முடிய விட்டதே இல்ல. இந்தத் தரம் ரோலை வெளியே எடுத்துட்டு ஒரு லேபல் அடிக்கக் குடுத்தேன். 'கடதாசி இல்லை' என்று எச்சரிக்கைப் பெட்டி வந்தது. ஓகேயை அழுத்தினேன். ரோலைப் போட்டேன். நுஹ்மான்ட பேரை எடுத்தேன். 25 கிலோ.

ஒன்று.

ஸ்ரீ அண்ணன், நான் கத்தினது வாசல்ல இருந்த காவல்காரருக்குக் கேட்டு அவர் ஓடி வந்தார். பத்துத் தரம் செஞ்சேன். பத்துக்குப் பத்து.

அந்த எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டுறதுக்கு இடை அடுக்கு லினக்ஸ்கிட்ட வேலையைக் குடுக்குது. லினக்ஸ் தன்ட பழக்கத்துக்கு 64ன்னு வச்சிட்டு வேலையை முடிச்சுக் குடுக்குது. திரும்பி வரக்குள்ள 53க்கு மாத்தி வைக்கணும். மாத்தல்ல. மறந்துட்டாங்க. அவ்வளவுதான். கடதாசி முடியணும், மெஷினை நிப்பாட்டாம தொடரணும், பிறகு வாற பிள்ளை 25 கிலோவோ 50 கிலோவோ இருக்கணும். இந்த மூணும் ஒண்ணா வந்தாத்தான் பிழைக்கும். ஒரு மனிசியைக் குற்றவாளியாக்க அது போதும்!

இடை அடுக்கோட மூலக்கோட் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு. கண்டியில இருந்து சீடியில எடுத்து வந்தேன். எங்க மறந்தாங்கன்னு தேடிக்கிட்டு இருக்கேன். பத்தாயிரக்கணக்கான வரி. தங்கேஸ்வரி மிஸ்ஸுக்கு இன்னும் சொல்லல்ல. விசாரணையில சொதப்பிட்டா அவ தாங்கமாட்டா.

துஆ செய்ங்க, உங்கட முறையில.

ஜுனைதா


கோண்டாவில்,
09.03.2007

அன்புள்ள ஜுனைதா,

உம்முடைய கடிதம் இன்று காலை வந்தது. விசாரணைக்கு முன் இது உம்மை அடையாது. ஆனாலும் எழுதுகிறேன்.

இத்துடன் ஒரு பொதி வருகிறது. புரோகிராமின் மூலக்கோட், நூற்றுப் பன்னிரண்டு பக்கம். 2003இல் நானே அச்சடித்து வைத்தது. டிஸ்க் கொண்டுபோனால் சோதனைச் சாவடியில் விடமாட்டார்கள் என்பதால் கடதாசியாகவே அனுப்புகிறேன்.

தபாலகத்தில் அதற்கும் பிரச்சினை. ஆமிக்காரன் ஒருவன் பொதியைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். ஆங்கிலச் சொல், அடைப்புக்குறி, இலக்கம். இரகசியக் குறிப்பு என்று அவன் நினைத்ததில் பிழையில்லை. "மொகத மே?" என்றான். என்ன இது என்று. மாத்தளையில் பழகிய சிங்களம் கைகொடுத்தது. "லமயின்கே பெஹெத்" என்றேன். பிள்ளைகளின் மருந்து. அவன் மேலே இருந்த விலாசத்தைப் பார்த்தான். "மாத்தளையா? நான் நாவுலப் பக்கம்" என்றான். பிறகு தானே நூலைப் போட்டு இறுக்கிக் கட்டி, முத்திரை குத்துகிறவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

ஏன் அன்று தரவில்லை என்று நீர் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கோட்டைத் தந்துவிட்டால் நான் யாருக்கும் தேவைப்படமாட்டேன் என்று நினைத்தேன். பதினைந்து வருடம் இருந்த ஊரை விட்டு வருகிறவனுக்கு வந்த பயம். அதற்கு உரிமை, மானம் என்று பெரிய பெயர்கள் வைத்துக்கொண்டேன். அதன் விலையைத் தங்கேஸ்வரி மிஸ்ஸும் அந்த மூன்று பிள்ளைகளும் கொடுத்தார்கள்.

இனி அது உம்முடையது. எப்படி வேண்டுமென்றாலும் மாற்றும்.

ஸ்ரீ


உக்குவளை,
28.03.2007

அன்புள்ள ஸ்ரீ அண்ணன்,

அல்ஹம்துலில்லாஹ். வென்றுட்டோம்.

எல்லாத்தையும் ஒழுங்காச் சொல்றேன். 14ஆம் திகதி காலையில சபையில மூணு பேர். தலைவர் இத்ரூஸ் ஹாஜியார், தில்லையம்பலம் ஸேர், டொக்டர். ஒரு மூலையில தங்கேஸ்வரி மிஸ், வெள்ளைச் சாரியில, மடியில கையை வச்சுக்கிட்டு. நான் பேசப் போகல்ல. "ஹாஜியார், நீங்களே வந்து உக்காருங்க. நான் மெஷினைத் தொடமாட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஒரு விரலால தேடித் தேடி 25ன்னு தட்டினார். ஒன்றரை.

"சரியாத்தானே இருக்கு" என்றார்.

"இப்ப அந்த ரோலை வெளியே எடுங்க. எடுத்துட்டு அச்சடிங்க." பெட்டி வந்தது. ஓகேயை அழுத்தினார். ரோலைப் போட்டார். திரும்ப 25.

லேபல் வெளியே வந்தது. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பார்த்தார். மறுபடி தட்டினார். அதே ஒன்று. 50 போட்டார். ரெண்டரை. தில்லையம்பலம் ஸேர், "தள்ளுங்க, நான் ஒருக்காப் போட்டுப் பார்க்கிறேன்" என்று வந்து உக்காந்தார். அவருக்கும் அதேதான். மேசை முழுக்க லேபல். டொக்டர் அதுகளைக் கையில எடுத்து ஒவ்வொண்ணாப் பார்த்துக்கிட்டே இருந்தார்.

பிறகு நீங்க கொப்பியில செஞ்ச கணக்கை எடுத்து வச்சேன். டொக்டர் வாசிச்சிட்டு, "இதை ஸ்ரீயா செஞ்சார்? கையாலயா?" என்று கேட்டார்.

ஹாஜியார் எழும்பி மிஸ்கிட்டப் போனார். எழுபத்திரண்டு வயசு மனிசன். "மகள், நாங்க உங்களுக்குப் பெரிய அநியாயம் செஞ்சுட்டோம். எங்களை மன்னிக்கணும்" என்றார். மிஸ் அழுவான்னு நான் நினைச்சேன். அவ எழும்பி நின்று சொன்னா, "மன்னிப்பு பிறகு. ஒக்டோபர்ல இருந்து வந்த எல்லாப் பிள்ளைட கார்ட்டையும் எடுங்க. இன்னும் யாருக்காவது குறைஞ்சிருக்கும்."

அன்று மத்தியானத்துக்குள்ள நாங்க எல்லாரும் சேர்ந்து அறுபத்தொரு கார்ட்டையும் பார்த்து முடிச்சோம். இன்னும் ஒரு பிள்ளை இருந்தது. மிஸ் தானே போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினா. பொலிஸுக்கு ஹாஜியார் கையெழுத்து வச்சுக் கடிதம் குடுத்தார். இப்ப மிஸ் பழைய இடத்துல இருக்கா. நுஹ்மானுக்கு இரும்பு இறங்கத் தொடங்கிட்டுது.

அடுத்தது. இடை அடுக்குல மறந்த இடத்தைக் கண்டுபிடிச்சேன். பதினொரு நாள். எச்சரிக்கைப் பெட்டிக்குப் போகக்குள்ள அமைப்பை எடுத்து வைக்க ஒரு வரி, திரும்பி வரக்குள்ள போட ஒரு வரி. ரெண்டே ரெண்டு வரி. அதை எழுதி, கடதாசி முடிஞ்ச கதையையும் எழுதி, உலகம் முழுக்க அந்த அடுக்கைச் செய்றவங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். என்ட இங்கிலீஷை நினைச்சுப் பயந்துதான் அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. பல நாட்டுல பல பேர் ரெண்டு வருஷமா 'இடைக்கிட கணக்குப் பிழைக்குது, ஏன்னு தெரியாது' என்று முறையிட்டிருக்காங்களாம். யாராலயும் திரும்பச் செஞ்சு காட்ட ஏலாமப் போயிருக்கு. என்ட ரெண்டு வரியையும் அப்படியே சேர்த்துட்டாங்க. கண்டுபிடிச்சவங்க பேர் கேட்டாங்க. மூணு பேர் குடுத்தேன். உங்கட பேர், என்ட பேர், மஸீஹாட பேர். அவ சொல்லாட்டி நான் இன்னும் புது ரோலைப் போட்டுப் போட்டுத் தட்டிக்கிட்டுத்தான் இருப்பேன்.

உங்கட பொதி முந்தாநாள் வந்தது. நாப்பத்தோராம் பக்கத்துல அந்த வரியைப் பார்த்தேன். பக்கத்துல பென்சில்ல நீங்க எழுதியிருக்கீங்க: 'ஜுனைதா சோதித்தாள், சரி.' திகதி 2003. அப்ப அது சரின்னு சொன்னவளே நான்தானே, அண்ணன். நம்ம ரெண்டு பேர்ட பிழையும்தான். அதைத் திருத்திட்டேன்.

பாதை எப்ப திறந்தாலும் வாங்க. சாப்பாடு நம்ம வீட்டுல.

ஜுனைதா


கோண்டாவில்,
22.04.2007

அன்புள்ள ஜுனைதா,

உம்முடைய கடிதம் நேற்று வந்தபோது நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் மாவுக்கு வரிசையில் நின்றேன். அருந்ததி ஓட்டமாகக் கொண்டுவந்து தந்தாள். அங்கேயே பிரித்தேன். 'வென்றுட்டோம்' என்ற இடத்தில் என்னை அறியாமல் சத்தம் போட்டுவிட்டேன் போல. முன்னால் நின்றவர் திரும்பி, "என்ன ஸ்ரீ, பாதை திறக்கிறாங்களாமோ?" என்றார்.

"இல்லை. இது வேற."

"பிறகென்ன? வாசியும், கேப்பம்."

ஒன்றரை மணித்தியாலம் நிற்க வேண்டிய வரிசை. நான் வாசித்தேன். 53, 64 எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கடதாசி முடிந்ததையும், ஹாஜியார் ஒரு விரலால் தட்டினதையும், மிஸ் எழும்பி நின்று சொன்னதையும் வாசித்தேன். ஒரு அம்மா, மகன் போன மாதம் போய்த் திரும்பி வராதவா, கிட்ட வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தா. நான் முடித்ததும் கேட்டா, "அப்ப அந்தப் பிள்ளையளுக்கு இனி மருந்து சரியாக் கிடைக்குமோ?"

"ஓம் அம்மா. கிடைக்கும்."

"அந்த நேர்ஸ் பிள்ளைக்கும் ஒண்டும் இல்லையோ?"

"ஒண்டும் இல்லை. வேலைக்குப் போறா."

அவ திரும்பி வரிசையைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னா, "ஒரு இடத்திலயெண்டாலும் உண்மை வெண்டிருக்கு. கை தட்டுங்கோவன்!"

தட்டினார்கள், ஜுனைதா. சங்கக்கடை மனேச்சர் கூட வெளியே வந்து தட்டினார்.

ஸ்ரீ